வானொலி வரைந்த தேசப்படம்

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாக அளந்தால் ஏறக்குறைய 530 கிலோமீட்டர் ஆகும். அதே தூத்துக்குடியிலிருந்து மன்னார் வளைகுடாவைக் குறுக்காகக் கடந்து கொழும்புக்கு அளந்தாலோ 280 கிலோமீட்டருக்கு மேல் போகாது. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு 300 கிலோமீட்டர் தூரம். திருச்சிராப்பள்ளியோ 190 கிலோமீட்டர்தான். பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் இந்தியாவுக்கு ஒரு நிறமும் இலங்கைக்கு வேறொரு நிறமும் தீட்டி, நடுவே நீல நிறத்தில் கடலை நிரப்பிவிடுவதால் இந்த விஷயம் சாதாரணமாக நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் 1950ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி ஏறக்குறைய முப்பது வருஷகாலம், தென் தமிழ்நாட்டின் கரையோரத்துக் குடும்பங்கள் காலையில் கண்விழித்ததும் கொழும்பையும், யாழ்ப்பாணத்துச் சங்கீத ரசிகர்கள் இரவுக் கச்சேரிக்குத் திருச்சியையும் சென்னையையும் தேடித் தங்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிவந்தார்களே, அவர்கள் அனைவரும் எந்த அரசாங்கமும் அச்சிடாத வேறொரு தேசப்படத்தின்படியே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நாள் வானொலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அறிவிப்பாளர்களின் குரலைப் பற்றியும், நிகழ்ச்சிகளின் பெயர்களைப் பற்றியும், எந்தப் பாட்டை எந்த வேளையில் கேட்டோம் என்பதைப் பற்றியுமே பேசுவார்கள். அது இயல்புதான், ஞாபகம் என்பது குரலையும் ராகத்தையும் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. எனினும், அந்தக் குரல் நம் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது, ஏன் சில ஊர்களுக்கு வந்தது, ஏன் சில ஊர்களுக்கு வரவில்லை, பகலில் கேட்காத நிலையம் இரவில் ஏன் தெளிவாகக் கேட்டது என்பவற்றையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால்தான், நாம் இழந்தது இன்னதென்று முழுமையாக விளங்கும் என்பது என் துணிபு. நிகழ்ச்சிகளில் பலவற்றை ஒலிநாடாவிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் இன்றைக்கும் மீட்டுக் கேட்டுவிடலாம். ஒரே கணத்தில் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரிய நேயர் வட்டத்தை, கடலும் அந்திப்பொழுதும் சேர்ந்து வரைந்த அந்த எல்லையை, அவ்வாறு மீட்டெடுக்க வழியில்லை.

இலங்கையில் ஒலிபரப்பு தொடங்கிய வரலாறு சுவையானது. தந்தி இலாகாவின் தலைமைப் பொறியாளராக 1921இல் கொழும்புக்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர், முதல் உலக யுத்தத்தில் பிடிபட்ட ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒரு சிறிய ஒலிபரப்பியை அமைத்து, 1923இல் தந்தி அலுவலகத்தின் ஓர் அறையிலிருந்தே கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16ஆம் தேதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. நம் சென்னையிலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1924 ஜூலை 31ஆம் தேதி, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் பெருமுயற்சியால் உருவான சென்னை மாகாண ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் அது 1927இல் நின்றுபோக, கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் அந்தப் பணியைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்தன.

இவ்வளவு தூரம் இரு கரைகளும் ஏறத்தாழச் சமமாகவே நடந்துவந்தன என்று சொல்லலாம். இலங்கையை முன்னே தள்ளிவிட்டது இரண்டாம் உலக யுத்தம். மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமை கண்டியில் வந்து அமர்ந்தபோது, பர்மாவிலும் பிற இடங்களிலும் சிதறிக்கிடந்த நேச நாட்டுத் துருப்புக்களுக்குச் செய்தியும் பாட்டும் அனுப்புவதற்காகக் கொழும்பில் ஒரு படைவானொலி ஸ்தாபிக்கப்பட்டது. அதற்கென்று வந்த 100 கிலோவாட் சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, கொழும்புக்கு வடக்கே ஏக்கல என்னும் இடத்தில் நிறுவப்பட்டது. யுத்தம் முடிந்து படைகள் கலைந்தன. கருவி அங்கேயே நின்றது. சிறிய தீவொன்றின் தேவைக்கு மிகப் பெரியதும், ஆசியாக் கண்டத்தின் பெரும்பகுதியை எட்டவல்லதுமான அந்த ஒலிபரப்பி இலங்கை அரசாங்கத்தின் வசம் வந்துசேர, 1949இல் ரேடியோ சிலோன் தனி இலாகாவாக உருவெடுத்தது. 1950 செப்டம்பர் 30ஆம் தேதி அதன் வர்த்தக சேவை தொடங்கிற்று.

அடுத்து நேர்ந்த திருப்பத்தை இலங்கையர் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதைச் செய்தது டெல்லி. 1952 முதல் 1962 வரை இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக இருந்த பி.வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தின்மீது ஆழ்ந்த பற்றுடையவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுத்துவிடும் என்று மெய்யாகவே நம்பியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கள் அருகி, ஏறக்குறைய இல்லாமலே போயின. ரசிகர்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். அமீன் சயானி நடத்திய பினாக்கா கீத்மாலா என்னும் ஹிந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி 1952 முதல் கொழும்பிலிருந்து சிற்றலையில் கிளம்பி வட இந்தியாவின் பட்டி தொட்டியெல்லாம் கேட்டது. தமிழ்நாட்டில் தமிழ் வர்த்தக சேவை அதே காரியத்தைச் செய்தது. தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சிற்றலை, தென் கடற்கரை ஜில்லாக்களுக்கு மத்திய அலை என்று அது இரண்டு வழியாகவும் வந்தது. நிலைமையை உணர்ந்து 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலி விவித பாரதி என்னும் பொழுதுபோக்குச் சேவையைத் தொடங்குவதற்குள், கொழும்பு நம்மவர்களின் வீட்டில் ஒரு நிரந்தரமான இடத்தைப் பெற்றுவிட்டது. கேஸ்கருடைய சங்கீதப் பற்றை நான் குறைத்து மதிக்கவில்லை. அவர் ஆட்சியில் நமக்குக் கிடைத்த கச்சேரி ஒலிபரப்புகளின் தரம் உயர்ந்தது. ஆனால் ஆகாயத்தில் பரவுகிற அலைக்கு உத்தரவு போட முடியாது என்பதை அவர் எண்ணிப்பார்த்திருக்க வேண்டும்.

கொழும்பின் வெற்றிக்குப் பாட்டு மாத்திரம் காரணமல்ல. எஸ்.பி. மயில்வாகனன், எஸ்.கே. பரராஜசிங்கம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்களின் உச்சரிப்புச் சுத்தமும், எழுத்தெழுத்தாகக் காதில் விழும் தெளிவும், நேயரைக் குடும்பத்தில் ஒருவராகக் கருதிப் பேசும் பாங்கும் தமிழ்நாட்டாருக்குப் புதுமையாயிருந்தன. ழகரத்தை எப்படி ஒலிப்பது என்பதை அந்தக் குரல்களிடமிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொங்கும் பூம்புனல், இசையும் கதையும், நீங்கள் கேட்டவை, பாட்டுக்குப் பாட்டு என்று பெயர் சூட்டுவதிலேயே ஒரு நயம் இருந்தது. கடல் கடந்து போகிற அஞ்சலுக்குரிய தபால்தலையை ஒட்டி, விரும்பிய பாடலின் பெயரையும், அதைக் கேட்க விரும்பும் உற்றார் உறவினர் பெயர்களையெல்லாம் நெருக்கி நெருக்கியும் எழுதி அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் தன் ஊரின் பெயர் கொழும்பிலிருந்து உச்சரிக்கப்படுவதைக் கேட்ட ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அந்த அனுபவம் எத்தகையதாக இருந்திருக்கும்! தாலுகாக் கச்சேரியின் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் இடம்பெறாத அந்த ஊரின் பெயரை, மட்டக்களப்பிலும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தவர்கள் அதே கணத்தில் கேட்டார்கள்.

அந்தக் காலத்துப் பெட்டியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி. என்னும் பெயர்களைத் தாங்கிய வால்வு ரேடியோ, கூடத்தில் சுவரோரமாக ஒரு பலகையின்மேல், பூவேலை செய்த துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும். குமிழைத் திருகினால் உடனே பேசாது. வால்வுகளின் இழை சூடேறிச் சிவந்து, பெட்டியின் பின்புறத்திலிருந்து சூடான தூசியின் மணம் மெல்லக் கிளம்பிய பிறகுதான் உயிர் வரும். முகப்பில் ஒரு பச்சை ஒளிக்கண் உண்டு. நிலையம் சரியாக அகப்படாதவரை அதன் நடுவே ஓர் இருண்ட பிளவு தெரியும், முள் நிலையத்தின்மேல் நேராக வந்து நின்றதும் அந்தப் பிளவு ஒடுங்கிப் பச்சை ஒளி ஒன்றாய்க் கூடும். கூரையின்கீழ் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நாடாவைப் போல நீண்டிருக்கும் செம்புக்கம்பி வலைதான் ஏரியல். மற்றொரு கம்பி ஜன்னல் வழியாக வெளியே போய், உப்பும் கரியும் இட்டுத் தண்ணீர் ஊற்றிய குழிக்குள் எர்த்தாகப் புதைந்திருக்கும். தபாலாபீசில் வருஷந்தோறும் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பித்தாக வேண்டும். எண்பதுகளில்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. கண்ணாடி முகப்பில் எண்களோடு கூட டெல்லி, கல்கத்தா, கொழும்பு, லண்டன் என்று நகரங்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்த பெட்டிகளும் உண்டு. பூகோள பாடத்தை அந்தக் கண்ணாடியிலிருந்து படிக்கத் தொடங்கிய சிறுவர்கள் எத்தனையோ பேர்.

இனி, அலையின் கதைக்கு வருவோம். மத்திய அலை என்று நாம் சொல்வது 531 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. சென்னையின் முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஓர் அலையின் நீளம் 416 மீட்டர். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், 320 மீட்டர். குரலின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப அலையின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவதால்தான் இந்த முறைக்கு வீச்சுப் பண்பேற்றம் என்று பெயர் வந்தது. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள இவ்வலை, ஒளியைப்போல் நேர்கோட்டில் போய் அடிவானத்தோடு நின்றுவிடுவதில்லை. பூமியின் வளைவைத் தழுவியே வளைந்து செல்லும். இதனைத் தரை அலை என்பார்கள். ஆனால் தரையைத் தழுவிச் செல்லும்போது அலை தன் சக்தியில் ஒரு பங்கைத் தரைக்குக் கொடுத்துக்கொண்டேதான் போகிறது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தரை மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதைப் பொறுத்தது. வறண்ட பாறை நிலம் மோசமானது. ஈரமான வண்டல் நிலம் அதைவிட மேல். உப்பு நீரோ எல்லாவற்றிலும் சிறந்தது. சமுத்திர ஜலத்தின் மின்கடத்தும் திறன் சாதாரண நிலத்தினுடையதைவிட நூற்றுக்கணக்கான மடங்கும், வறண்ட பாறையினுடையதைவிட ஆயிரக்கணக்கான மடங்கும் அதிகம். ஆகவே நிலத்தின்மேல் சில நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்து மடிந்துபோகிற அதே அலை, கடலின்மேல் பலத்தை அதிகம் இழக்காமல் சென்று அடுத்த கரையில் ஏறிவிடும்.

இப்போது மறுபடியும் தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட அலை, செங்கல்பட்டுக் கற்குன்றுகளையும் விழுப்புரத்துச் செம்மண்ணையும் புதுக்கோட்டை, ராமநாதபுரத்து வறண்ட பூமியையும் கடந்து, ஒவ்வோர் ஊரிலும் வரி செலுத்திக்கொண்டே வந்தாக வேண்டும். இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்ட அலைக்கு வழியெல்லாம் உப்பு நீர். தூரமும் பாதி, இழப்பும் சொற்பம். தூத்துக்குடியிலும் திருச்செந்தூரிலும் ராமேசுவரத்திலும் நடுப்பகலில் கூடக் கொழும்பு உள்ளூர் நிலையத்தைப்போலக் கணீரென்று கேட்டதும், உள்நாட்டில் மேற்கே போகப்போக அது மங்கியதும் இதனால்தான். தமிழ்நாட்டின் இரண்டு ஊர்களுக்கிடையே இருந்த தூரத்தைவிடத் தமிழ்நாட்டுக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் இருந்த தூரம் குறைவு என்பதை, கட்டுமரத்திலும் தோணியிலும் போய்வந்தவர்கள் முன்னமே அறிந்திருந்தார்கள். வானொலி அலை அதே பாதையில்தான் பிரயாணம் செய்தது.

பகலின் நியாயம் இது. இரவின் நியாயம் வேறு.

1901 டிசம்பரில் மார்க்கோனி இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்துக்கு அனுப்பிய சமிக்ஞை, பூமியின் வளைவை மீறி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அக்காலத்து விஞ்ஞானிகளுக்குப் பெரும் புதிராக இருந்தது. வாயுமண்டலத்தின் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஒரு படலம் இருக்க வேண்டும் என்று 1902இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தார்கள். 1924இல் எட்வர்ட் ஆப்பிள்டன், பி.பி.சி.யின் போர்ன்மத் ஒலிபரப்பியின் உதவியோடு பரிசோதனை செய்து, அத்தகைய படலம் இருப்பதை நிரூபித்து, அதன் உயரத்தையும் அளந்தார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் தேசத்தில் கல்கத்தா சர்வகலாசாலையின் சிசிர்குமார் மித்ரா இதே துறையில் செய்த ஆராய்ச்சி உலகப் புகழ்பெற்றது. மேல் வாயுமண்டலத்தைப் பற்றி 1947இல் அவர் வெளியிட்ட பெருநூல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் ஆதார நூலாய் விளங்கியது.

அவர்கள் கண்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். சூரிய கிரணங்கள் வாயுமண்டலத்தின் அணுக்களைத் தாக்கி, வெவ்வேறு உயரங்களில் அயனிப் படலங்களை உண்டாக்குகின்றன. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கீழ்ப்படலம் பகலில் மாத்திரமே பலமாக இருக்கும்; வானத்தை நோக்கிச் செல்லும் மத்திய அலையை அது மணலில் கொட்டிய நீரைப்போல உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் சிறிது நேரத்திற்குள் அந்தப் படலம் கரைந்துபோகிறது. அதற்குமேல் 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள படலங்களோ இரவிலும் ஓரளவு நிலைத்திருக்கின்றன. தடுப்பார் இல்லாததால் அலை மேலே சென்று, அங்கே மோதித் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் பூமிக்கு வந்து இறங்குகிறது. இதற்கு வான் அலை என்று பெயர்.

இந்த மாறுதலைக் காதாலேயே தொடர்ந்து கேட்டுவிடலாம் என்பதுதான் வானொலி ரசிகனுக்குக் கிடைத்த பெரிய பேறு. மாலை ஐந்தரை மணிக்கு ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தினால், முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். சூரியன் தாழத் தாழ அந்த இரைச்சலுக்குள் ஒரு முணுமுணுப்புத் தோன்றும், மொழி புலப்படாது, சற்று நேரத்தில் அது தெலுங்கு என்றோ மராத்தி என்றோ தெரியும், பெருகும், தேயும், மறுபடியும் பெருகும். இருட்டியதும் அந்த இடத்தில் ஒரு நிலையம் முழுதாய் வந்து உட்கார்ந்திருக்கும். தரை அலையும் வான் அலையும் ஒரே வேளையில் வந்து சேர்கிற தூரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் விளையாடுவதால், பாட்டின் நடுவே குரல் எங்கோ தூரத்தில் போய் மறைந்து திரும்பி வருவதுபோலத் தோன்றும். டிரான்சிஸ்டரின் உள்ளே ஒரு கறுப்பு ஃபெரைட் கோலின்மேல் செம்புக்கம்பி சுற்றியிருக்கும். பெட்டியின் நீண்ட பக்கம் நிலையத்தை நோக்கினால் ஓசை பெருகும், கோலின் முனை நிலையத்தை நோக்கினால் ஓசை ஒடுங்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிலையங்கள் கேட்கும்போது பெட்டியை மெல்ல மெல்லத் திருப்பி, வேண்டாததை அடக்கி வேண்டியதை எடுத்துக்கொள்வது ஒரு கலை. அதைக் கைவரப் பெற்ற பாட்டிமார் இருந்தார்கள். அவர்களுக்கு ஃபெரைட் கோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொழும்பு எந்தத் திசை என்பது மாத்திரம் கைக்குத் தெரிந்திருந்தது.

கேட்ட நிலையத்துக்கு, இன்ன நாளில் இன்ன நேரத்தில் இன்ன நிகழ்ச்சி இவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அறிக்கை எழுதி அனுப்பினால், அதை உறுதிசெய்து கியூ.எஸ்.எல். அட்டை என்னும் வண்ண அட்டையை அனுப்பிவைப்பது நிலையங்களின் வழக்கம். அத்தகைய அட்டைகளைத் தகரப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள்.

இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அலை போயிற்று என்பதை மறந்துவிடலாகாது. தஞ்சை டெல்டாவின் ஈர மண்ணையும் பாக் ஜலசந்தியையும் கடந்து திருச்சி நிலையம் யாழ்ப்பாணத்தில் நன்றாகக் கேட்டது. பெரிய வித்துவான்களின் கச்சேரிகளை யாழ்ப்பாணத்து ரசிகர்கள் பல்லாண்டு காலம் கேட்டுப் பயின்றது இந்த வழியாகத்தான். அதே திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சி டெல்டா விவசாயிகளிடையே பெற்றிருந்த செல்வாக்குக்கு ஓர் அத்தாட்சி உண்டு: அறுபதுகளின் நடுவில் வெளிவந்த ஆடுதுறை 27 என்னும் நெல் ரகம், வானொலியின் மூலமே பரவியதால், ஜனங்களின் வாயில் 'ரேடியோ நெல்' என்றே வழங்கிற்று. வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. மாலையில் ஊர்ப் பொதுவில் அது பேசத் தொடங்கியதும் திண்ணைகளில் பேச்சு அடங்கிவிடும்.

பண்பலையின் வருகை இந்த அமைப்பை மாற்றியது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23ஆம் தேதி நம் சென்னையிலேயே தொடங்கிற்று. ஒலியின் தரத்தில் அது மத்திய அலையைவிட உயர்ந்தது என்பதில் சந்தேகமே இல்லை. நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் மாத்திரமே இடைவெளி விட்டிருக்கும் மத்திய அலையில், வீணையின் மேல்ஸ்தாயி நாதத்தை முழுமையாக அனுப்ப இடமில்லை. பண்பலையில் இடம் உண்டு. ஆனால் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளமே உள்ள பண்பலை, பூமியின் வளைவைத் தழுவாது. அயனிப் படலத்தில் மோதித் திரும்பவும் செய்யாது. சாதாரணமாகக் கோபுரத்தின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தோடு அதன் ராஜ்யம் முடிந்துவிடும். கோடைக்கானல் பண்பலை இத்தனை ஜில்லாக்களில் கேட்பதற்குக் காரணம், அது கடல் மட்டத்துக்கு மேல் 2000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் நின்று பேசுவதுதான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்க அடிவானம் 160 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிறது. எல்லா ஊருக்கும் அப்படியொரு மலை வாய்க்குமா? ஆகவே ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு கோபுரம், ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு சிறு வட்டம் என்று நேயர்கள் பிரிந்துபோனார்கள். மதுரைக்காரர் மதுரையைக் கேட்கிறார், கோவைக்காரர் கோவையைக் கேட்கிறார். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும் மட்டக்களப்பும் நாகப்பட்டினமும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது. இலங்கையில் 1983க்குப் பின் நேர்ந்த துயரங்களும், தொலைக்காட்சியும், ஒலிநாடாவும் தத்தம் பங்குக்கு அந்த உறவை அறுத்தன.

மத்திய அலைக்கு இன்னொரு விரோதி நம் வீட்டுக்குள்ளேயே முளைத்திருக்கிறது. எல்.இ.டி. விளக்கு, கைபேசியின் சார்ஜர், இன்வெர்ட்டர், கணினி ஆகிய இவை ஒவ்வொன்றும் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துச் சேர்த்து வேலை செய்வதால், அந்த அலைப் பகுதி முழுவதும் ஓயாத இரைச்சலை நிரப்புகின்றன. பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்து, ஒன்றும் கேட்கவில்லையென்று நொந்து திரும்ப வைத்துவிடுகிறவர்கள், பெட்டியின்மேலும் நிலையத்தின்மேலும் பழி சொல்வதற்கு முன், வீட்டு மின்சாரத்தை ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

நிலையங்களும் குறைந்துவருகின்றன. ஜெர்மனியின் தேசிய வானொலி 2015ஆம் ஆண்டின் கடைசி நாளோடு மத்திய அலையை விட்டு விலகியது. நம் நாட்டில், நாகபுரிக்கு அருகே 1000 கிலோவாட் சக்தியுள்ள ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு, இரவில் வான் அலை வெகுதூரம் போகும் என்பதையே ஆதாரமாகக் கொண்டு 1988இல் தொடங்கப்பட்ட அகில இந்திய வானொலியின் தேசிய அலைவரிசை, 2018 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஒரே கோபுரத்திலிருந்து தேசத்தின் பெரும்பகுதிக்கு இரவு முழுவதும் பேசுவது என்ற அந்த ஏற்பாட்டின் கம்பீரத்தை நினைத்தால், அதை நிறுத்தியபோது எழுந்த முணுமுணுப்பு போதாது என்றுதான் தோன்றுகிறது. பெரிய ஒலிபரப்பிகள் மின்சாரத்தை விழுங்குகின்றன, உதிரிப் பாகங்கள் கிடைப்பதில்லை, கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நிர்வாகத்தார் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல.

ஆனால் கேட்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி ஜில்லாவின் ஆழ்கடல் மீனவர்களில் பலர், எச்சரிக்கை வருவதற்கு முன்பே கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். கைபேசியின் சமிக்ஞை கரையிலிருந்து சில மைல்களோடு நின்றுவிடும். படகிலுள்ள சாதாரண ஒலித்தொடர்புக் கருவியும் பண்பலையைப்போலவே அடிவானத்துக்குக் கட்டுப்பட்டது. பிற்பாடு செயற்கைக்கோள் மூலம் செய்தி பெறும் கருவிகள் சில படகுகளுக்குக் கொடுக்கப்பட்டது நல்ல காரியம். ஆயினும் கடல்நீரின்மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பலம் குன்றாமல் செல்கிற அலையும், அதை எட்டச் செய்யக்கூடிய கரையோர மத்திய அலை நிலையங்களும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிரான்சிஸ்டரும், இரண்டு பென்டார்ச் பாட்டரிகளும் நம் கையிலேயே இருக்கின்றன. தூத்துக்குடியில் கடலை நோக்கிப் பேசுவதற்கென்றே 200 கிலோவாட் ஒலிபரப்பி ஒன்று 1053 கிலோஹெர்ட்ஸில் நிறுவப்பட்டது. உள்நாட்டு நகரங்களில் மத்திய அலை கோபுரங்களைக் குறைப்பதற்கு நியாயம் இருக்கலாம். நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரையுள்ள கரைக்கு உரியவற்றை எக்காரணத்தாலும் அணைக்காமல், மாலையிலும் விடியற்காலையிலும் கடல் வானிலையை மீனவர் பேசும் தமிழில் நிதானமாக இருமுறை வாசிக்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வானொலி நிர்வாகத்தாரையும் மீன்வளத்துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன்.